முகூர்த்தமில்லாத நாட்களில் வளர்ந்த கம்பெனி

நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை வந்தால் ஊரில் எல்லோருக்கும் பசி எடுக்கும். எனக்கு மீட்டிங் ஞாபகம் வரும். போன வாரம் கீழ்க்கட்டளை சிக்னலில் நின்றபோது, எந்த வீட்டு ஜன்னலிலிருந்தோ அந்த வாசனை இறங்கி வந்து ஹெல்மெட்டுக்குள் புகுந்துகொண்டது. உடனே காதுக்குள் ஒரு குரல்: "இந்த குவார்ட்டர்ல நம்ம ஃபோகஸ் என்ன?" சிக்னல் பச்சையாகி, பின்னால் நின்ற தண்ணி லாரிக்காரர் ஹார்னாலேயே என்னைத் திட்டித் தீர்க்கும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தது. அழகுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே கல்யாண மண்டபம். மேலே ஹால், கீழே டைனிங், பின்னால் தகரக் கொட்டகை போட்ட சமையற்கட்டு, வாசலில் தும்பிக்கை உடைந்த சிமெண்ட் யானை.

வயதானவர்களுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பும் தொழில். பிள்ளைகள் வெளிநாட்டில். பெற்றோர் தாம்பரத்திலும் சேலையூரிலும் மேடவாக்கத்திலும் பெரிய வீட்டின் மற்ற அறைகளைப் பூட்டிவிட்டு ஒரே அறையில், டிவி வெளிச்சத்தில். குளிக்கவைக்க, மாத்திரை எடுத்துத் தர, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவர்களுக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கையை அனுப்பிவைப்பது கம்பெனியின் வேலை. அந்தக் கையைப் பற்றி எழுதுவது என் வேலை. வெப்சைட்டில், நோட்டீஸில், போன் எடுக்கும் பெண்கள் பேசவேண்டிய வசனத்தில், எங்கும் என் வார்த்தைகள் கை கூப்பி நின்றன. தனிமை இந்தப் புறநகரில் அப்படி விளைந்திருந்தது. காலி மனையில் கருவேலம் முளைக்கிற மாதிரி, யாரும் தண்ணீர் ஊற்றாமலே கம்பெனி வளர்ந்தது.

முதலில் இருந்தது ஒரு மருந்துக்கடை மாடி. நாற்காலி போதாமல் மாடிப்படியில் உட்கார்ந்து போன் பேசினார்கள். மூன்றாவது படியில் உட்கார்ந்தால் சிக்னல் கிடைக்கும் என்பதால் அந்தப் படிக்குச் சண்டை நடந்தது. சரியான ஆபீஸ் எடுக்க நேரமில்லை, பொறுமையும் இல்லை. அப்போதுதான் மண்டபக்காரர் கிடைத்தார். அந்த ஊர்ப் பழைய குடும்பம். அவர்கள் வயல் மனையானது, மனையில் ஒன்று மண்டபமானது. பிறகு கல்யாணப் பிள்ளைகள் கடற்கரைப் பக்கம் ஏசி ஹாலைத் தேடிப் போக, மண்டபம் பாதி நாள் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

"முகூர்த்த நாளு என்துது தம்பி. மத்த நாளு உன்துது. நடுவுல வந்து பேஜார் பண்ணக் கூடாது, சர்தானா?" என்றார்.

கம்பெனியை நடத்தியவர்கள் இரண்டு பேர். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த நண்பர்கள். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். எவ்வளவு பெரிய ஹால், எவ்வளவு எளிய ஒப்பந்தம்! அன்று மாலை கேக் வெட்டினார்கள். காலண்டரை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மளிகைக் கடையில் துவரம் பருப்பு வாங்கினால் இனாமாக வரும் தினசரி காலண்டரில் அச்சடித்திருக்கிற சமாச்சாரம் அது. ஐந்து வருடத் திட்டத்தைக் கலர் கலராகப் போட்டுச் சுவரில் ஒட்டியவர்களுக்கு, வைகாசியில் எத்தனை முகூர்த்தம் என்று தெரியாது.

தை பிறந்தது. வழியும் பிறந்தது, வாசலுக்கு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியமே சமையல்காரர்கள் அண்டாவோடு வந்து இறங்கினார்கள். முந்திரி வறுபடத் தொடங்கினால் மீட்டிங்கை முடிக்கவேண்டும் என்று அர்த்தம். கம்ப்யூட்டர்களைத் துணியில் சுற்றி, மேசைகளை மடக்கி, இலைக்கட்டு அடுக்கும் அறையில் திணித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தால் கீபோர்டுக்கு அடியில் அட்சதை. வளர்பிறையில் கலைந்து, தேய்பிறையில் கூடும் கம்பெனி. எங்கள் பொற்காலம் ஆடி மாதம், அடுத்தது மார்கழி. ஊரே எந்த நல்ல காரியமும் தொடங்காத மாதங்களில் நாங்கள் புதுக் கிளை திறந்தோம். இருவரில் ஒருவரின் அம்மா ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் வந்து, ரிப்பன் வெட்டுகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார்.

இருவரில் ஒருவருக்கு வேகம். அவர் தன் மேசையை மணமேடை மேல் போட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் பூ சுற்றிய தூண்களுக்கு நடுவே அமர்ந்து, கேளம்பாக்கம் வரை எப்போது போகிறோம், அதற்கப்பால் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னொருவருக்கு நிதானம். அவர் கீழே டைனிங் ஹாலில், கை கழுவும் தொட்டி வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தரம், பயிற்சி, பொறுப்பு என்று அவர் வாயில் நல்ல சொற்களாகவே வரும். விற்கிற கூட்டம் மேலே, வேலையைச் செய்து முடிக்கிற கூட்டம் கீழே. சீக்கிரமே மேடைக்காரர், பந்திக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. மணமகள் அறை, ஆட்களை எடுக்கவும் அனுப்பவும் பயன்பட்டது. விளக்கு வரிசை போட்ட கண்ணாடி, அதில் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு. அந்த அறையில் அழுவது மட்டும் பழைய வழக்கப்படியே நடந்துகொண்டிருந்தது.

வேகமும் நிதானமும் ஒரு கூரைக்குக் கீழே இருப்பது தவறே இல்லை. எந்த வீட்டிலும் அப்படித்தான். ஆனால் வீட்டில் சண்டை வரும். இவர்களுக்குள் வரவே வராது. நேருக்கு நேர் பார்த்தால், "நீ சொன்னா சரி மச்சான்", "இல்ல மச்சான், நீ சொல்றதுதான் கரெக்ட்." தோளில் கை. பிறகு ஒருவர் மேலே போவார், ஒருவர் கீழே போவார். போனதும் ஒரே ஆளை, தனித்தனியாகக் கூப்பிடுவார்கள்.

அந்த ஒரே ஆள்தான் சிஸ்டர்.

மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு பொறுப்பில் இருந்துவிட்டு வந்தவர். தாம்பரத்துக்காரர். ஞாயிறு காலை சர்ச், மற்ற ஆறு நாளும் சிடுசிடுப்பு. ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி தந்து, வீடுகளுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. தனக்குப் பிடித்த பாட்டிகளுக்கு நல்ல ஆட்களை ஒதுக்கிவைப்பார் என்று ஒரு புகார் உண்டு. அது உண்மை. போனில் மெசேஜ் அனுப்பினால் படிக்கமாட்டார். நேரில் போய் நின்றால், "என்ன, மெசேஜ் அனுப்ப வேண்டியதுதானே?" என்பார்.

அவர் வைத்திருந்தது ஒரே ஒரு விதி. புது ஆள் முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போகும்போது தனியாகப் போகக்கூடாது. அவரும் கூடப் போய் அரை நாள் இருப்பார். நானும் ஒருமுறை, எழுதுவதற்காகப் பார்க்கவேண்டும் என்று, அவர் அனகாபுத்தூர்ப் பெண் ஒருத்தியை விடப் போனபோது கூடப் போனேன். அந்த வீட்டுத் தாத்தா புதுப் பெண்ணை நிமிர்ந்தே பார்க்கவில்லை. சிஸ்டர் கண்டுகொள்ளாமல் நேரே பாத்ரூமுக்குப் போய், கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உள்தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"யாரும்மா நீ, என் வீட்டுத் தாழ்ப்பாள்ல கை வைக்கிற?" என்று தாத்தா எழுந்து வந்தார்.

"உள்ள விழுந்தா நாங்க கதவை உடைக்கணும் சார். கதவு நல்ல தேக்கு. அதான் பாவம் பார்த்தேன்."

தாத்தா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு தேக்கு எந்த ஊரில் வாங்கியது என்ற கதை. கதையின் நடுவில் புதுப் பெண் அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் கவனிக்கக்கூட இல்லை. திரும்பும்போது அந்தப் பெண் வாசல் வரை வந்து, "இன்னா சிஸ்டர் நீ, அந்தாளு என்னை முறைச்சுகினே இருந்தாரு, நீ வந்து ஒரே கலாட்டா பண்ணி கவுத்துட்டே" என்றாள்.

வெப்சைட்டில் நான் அதைத்தான் எழுதினேன்: முதல் நாள் நாங்களும் கூட வருவோம். ஊரில் எல்லோருக்கும் அந்த வரி பிடித்துப்போனது. பிடித்துப்போனதுதான் சிக்கல். வீடுகள் பெருகின. சிஸ்டர் ஒருவர்தான். முதல் நாளுக்காகக் காத்திருக்கும் வீடுகளின் வரிசை நீண்டது. சேலையூரில் ஒரு அம்மா, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில். ஆள் தயார், ஆனால் சிஸ்டருக்கு நேரம் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து, கணவரே அவரைத் தூக்கப் பார்த்து, இரண்டு பேரும் விழுந்தார்கள். வெளிநாட்டிலிருந்து மகள் போனில் கத்தியதை மேடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டார். ஹாலே கேட்டது.

"உங்க ரூல் நல்ல ரூல் சிஸ்டர். ஆனா அந்த அம்மாவுக்கு அது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் மேடைக்காரர் பக்கம் நியாயம் இருந்தது. அவரை இகழ எனக்கு ஆயிரம் காரணம் உண்டு, அதில் அந்தக் கேள்வி இல்லை.

மறுநாள் சிஸ்டரே ஒரு வழி சொன்னார். ஆட்களில் நல்ல அனுபவமுள்ள இரண்டு பெண்களை வீட்டு வேலையிலிருந்து விடுவித்துத் தன்னிடம் தரவேண்டும். முதல் நாள் போவதற்கு அவர்களைத் தயார் செய்துவிட்டால் வரிசை கரைந்துவிடும். விதியும் நிற்கும். அவ்வளவுதான் கோரிக்கை. இரண்டு பேர்.

மேடைக்காரர், "சூப்பர் சிஸ்டர், பண்ணிடலாம்" என்றார். பந்திக்காரர், "இதைத்தான் நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். இரண்டு பெண்களும் வரவில்லை. அவர்களை அனுப்புவதாக மேலே பெரிய வீடுகளுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்கள். கீழே கேட்டால், "நான் மச்சான்கிட்ட பேசறேன்." பேசியதாக ஒருநாளும் தெரியவில்லை. சிஸ்டர் வாரா வாரம் கேட்டார். காலையில் மேடையிலிருந்து, "இந்த மாசம் மட்டும் முதல் நாள் ரூலைக் கொஞ்சம் தளர்த்துங்க." மாலையில் தொட்டிப் பக்கத்திலிருந்து, "ரூல்ல கை வைக்காதீங்க, அதுதான் நம்ம உயிர்."

இந்த நேரத்தில்தான் ஆலோசகர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். கதர் ஜிப்பா, சன்னமான குரல், சாக்பீஸ் பிடித்தறியாத விரல்கள். வளரும் கம்பெனிகளில் எதிரெதிர் இழுப்புகள் இயற்கை, அவற்றைத் தீர்க்கக்கூடாது, தாங்கப் பழகவேண்டும் என்றார். பிறகு ஹாலின் குறுக்கே ஒரு கயிறு போட்டார். இந்த முனை வேகம், அந்த முனை தரம். அவரவர் மனசுக்குத் தோன்றும் இடத்தில் நிற்கவேண்டும். ஒரு முனையில் மேடைக்காரர் புன்னகையோடு, மறுமுனையில் பந்திக்காரர் புன்னகையோடு. நடுவில் ஒரு முழ இடத்தில் மொத்தக் கம்பெனியும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது, தாம்பரம் மார்க்கெட் பஸ் மாதிரி. நானும் அந்த நெரிசலில்தான். யார் காலையோ மிதித்தேன்.

சிஸ்டர் மட்டும் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில். "நீங்க வரலையா மேடம்?" என்றார் ஆலோசகர்.

"எனக்கு முட்டி வலி. கயிறு முடிஞ்சதும் சொல்லுங்க."

ஆலோசகருக்குக் கண் கலங்கியது. எத்தனை சமநிலையான நிறுவனம், இவ்வளவு பேரும் நடுவில் நிற்கும் காட்சியைத் தான் கண்டதே இல்லை என்றார். பயந்தவர்கள் எங்கே நிற்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும். அவருடைய அறிக்கையின் பலன், சிஸ்டருக்கு ஒரு புதுப் பதவி. வேகத்துக்கும் தரத்துக்கும் நடுவே சமநிலை காக்கும் தலைவர். ஆங்கிலத்தில் பளபளவென்று விசிட்டிங் கார்டு. இரண்டு பெண்களைக் கேட்டவருக்கு இரண்டு பாக்கெட் கார்டு கிடைத்தது.

சிஸ்டர் ஒரு கார்டை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் உக்காந்து ஒரு தடவை சண்டை போடுங்க தம்பி. அது முடியலன்னு எனக்கு கார்டு அடிக்கிறீங்களே."

இருவரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் கேட்ட சிரிப்பு. "சிஸ்டர் எப்பவுமே இப்படித்தான் மச்சான்!" அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் முழு ஒற்றுமை. அப்புறம் பந்திக்காரர் தனியாக வந்து சொன்னார்: பணம் போடப் பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், அவர் வந்து போகட்டும், அந்த இரண்டு பேரை நானே உங்களிடம் கொண்டுவந்து விடுகிறேன், இது என் வாக்கு.

பெரிய மனிதர் வரும் நாளை மேடைக்காரர் குறித்தார். ஆவணி மாதம், வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், அன்று அந்த மனிதருக்கு நேரம் இருந்தது. முந்தின நாள் முந்திரி வறுபட்டபோதும், ஒரு மணி நேரத்துக்கு ஏதாவது ஒரு ரூம் கிடைக்கும் என்று விட்டுவிட்டார்.

காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வாழை மரம், சந்தனம், பன்னீர்ச் செம்பு. மேடைக்காரரின் இடத்தில் மணமக்கள். மண்டபக்காரர் பட்டு வேட்டியில் ஓடி வந்தார்.

"இன்னா தம்பி, இன்னிக்கு வந்து நிக்கிறே? மூணாம் நாளே சொன்னேனே, பெரிய இடத்துக் கல்யாணம் கீதுன்னு!"

"அண்ணா, ஒரு மணி நேரம் மட்டும். ரூம் ஏதாவது..."

"ரூமா? பொண்ணோட தாய்மாமனே படிக்கட்டுல குந்திகினு கீறாரு. ரூமாம்!"

அதற்குள் பெரிய மனிதரின் கார் வந்துவிட்டது. இறங்கியவர் மேல் யாரோ பன்னீர் தெளித்தார்கள், கையில் கற்கண்டு கொடுத்தார்கள். தனக்குத்தான் இந்த வரவேற்பு என்று அவர் நினைத்தார். அதை மறுக்க மேடைக்காரருக்கு மனம் வரவில்லை. மண்டபக்காரருக்கு மட்டும் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது என்ற ஒரே கவலை. பெண் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி எங்களைப் பந்தியின் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். ஆகக் கம்பெனியின் எதிர்காலம் இலை போட்டு, தண்ணீர் தெளித்துப் பேசப்பட்டது. பெரிய மனிதர் நடுவில். ஒரு பக்கம் மேடைக்காரர், மறுபக்கம் பந்திக்காரர், அவருக்கு அடுத்து சர்ச்சிலிருந்து நேரே வந்த சிஸ்டர், கடைசியில் நான்.

வடையைப் பிட்டுக்கொண்டே பெரிய மனிதர் கேட்டார். "முதல் நாள் இவங்க நேர்ல போறாங்கன்னு போட்டிருக்கீங்க. அழகா இருக்கு. ஆனா மூணு மாசத்துல ரெண்டு மடங்கு ஆனா, எப்படிப் போவாங்க?"

"அதை வீடியோ கால் ஆக்கறோம் சார்" என்றார் மேடைக்காரர், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "சிஸ்டர் ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டே எல்லா வீட்டுக்கும் போயிடுவாங்க. வெப்சைட்ல அந்த வரி அப்படியே இருக்கும்."

சாம்பார் வாளி எங்களைக் கடந்து போனது. சிஸ்டர் பக்கத்து இலைக்காரரைப் பார்த்தார். பந்திக்காரர் கூட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். யாரும் கூட்டைப் பிசைந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி. ரெண்டு பேரைத் தர்றேன்னு சொன்னீங்க. இப்ப சொல்லுங்க, இவர் முன்னாடி."

பந்திக்காரர் நிமிர்ந்தார். அந்தப் பக்கம் நண்பனைப் பார்த்தார், நடுவில் பெரிய மனிதரைப் பார்த்தார், கடைசியாக அவியல்காரரை ஆவலோடு பார்த்தார். யாரும் உதவவில்லை.

"ரெண்டும் பண்ணலாம் சிஸ்டர்," என்றார். "வீடியோவும் பண்ணலாம், நேர்லயும் பாத்துக்கலாம். ஒண்ணுக்கொண்ணு எதிர் இல்லையே. இல்ல மச்சான்?"

"கரெக்ட் மச்சான்."

"வெரி குட்," என்றார் பெரிய மனிதர். அந்த மனிதருக்கு இரண்டு நண்பர்களின் புரிதல் மிகவும் பிடித்திருந்தது.

ரெண்டும் பண்ணலாம். அந்தச் சொல்லின் மேல்தான் இன்று கம்பெனியின் கேளம்பாக்கத்துக் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. எதையும் இழக்கத் துணியாதவர்கள் கண்டுபிடித்த சொல். அதற்கான விலையை யாராவது கொடுத்துத்தான் தீரவேண்டும், கொடுப்பவர் மேசையில் இருக்கமாட்டார். எந்த வீட்டிலோ தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் இருப்பார்.

பந்தியில் பாதியில் எழுவது மரியாதை இல்லை. சிஸ்டர் எழுந்தார். வரிசையே திரும்பிப் பார்த்தது. மண்டபக்காரர் பதறி வந்தார்.

"இன்னாம்மா, பாதில எழுந்துகினே? பாயசம் வரல இன்னும்."

"சாப்பாடு நல்லா இருந்துச்சு அண்ணா. எனக்கு இது போதும்." கை கழுவினார். ஈரக் கையோடு திரும்பி, இரண்டு நண்பர்களுக்கும் பொதுவாகச் சொன்னார். "நாளையிலிருந்து நான் வரல. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தடவையா சொல்லிட்டேன். இதையாவது தனித்தனியா சொல்ல வேண்டாம்."

அவர் வெளியே போன பிறகு மேடைக்காரர், "எமோஷனல் ஆயிட்டாங்க சார்" என்று பெரிய மனிதருக்கு விளக்கினார். பந்திக்காரர் தலையசைத்தார். நான் கையைக் கழுவாமலே பின்னால் ஓடினேன். மேடவாக்கம் மெயின் ரோட்டில், வெயில் கொட்டும் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். பஸ் நம்பரைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"வீட்டுக்கா சிஸ்டர்?"

"ராஜகீழ்ப்பாக்கம். புதுப் பொண்ணு ஒருத்தி மத்தியானம் முதல் வீட்டுக்குப் போறா. வாசல் கேட் பக்கத்துல நிக்கச் சொல்லியிருக்கேன்."

"வேலையை விட்டுட்டீங்களே."

"நாளையிலிருந்துதானே விட்டேன்? இன்னிக்கு அவ என் ஆளு."

"நாளைக்குப் போற பொண்ணு?"

அவர் என்னைப் பார்த்தார். பஸ் வந்தது. கூட்டத்தில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, படியில் நின்றபடியே திரும்பினார்.

"உள்ள போங்க சார். இனிமே உங்களைத்தான் கூப்பிடுவாங்க. தனித்தனியா."